சத்தியசந்தர் போட்ட வேஷம்

மணம் செய்துகொள்ளும் நோக்கத்துடனோ, அந்நோக்கம் இன்னும் தெளிவு பெறாத நிலையிலோ, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் பொருட்டுப் பழகுகின்ற இடைக்காலத்துக்கு ‘டேட்டிங்’ என்னும் பெயர் நம்மிடையிலும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அவ்விடைக்காலத்தில் அடியெடுத்து வைக்கும் இளைஞருக்கு நண்பர்களும் பத்திரிகைகளும் மனநூல் வல்லாரும் ஒரே குரலாகச் செய்கின்ற உபதேசம் ஒன்றுண்டு. வேஷம் போடாதே, நீ நீயாகவே இரு என்பதே அது. கேட்பதற்கு இனியதும் மறுப்பதற்கு அரியதுமான இவ்வுபதேசத்தைச் செய்கிறவர்கள், ‘நான்’ என்பது அகத்தினுள்ளே முன்னமேயே முழுமையாக வடித்து வைக்கப்பட்டு, திரையை விலக்கியதும் தரிசனம் தருவதற்குக் காத்து நிற்கும் ஒரு விக்கிரகம் என்ற எண்ணத்தோடு பேசுகிறார்கள். அப்படி ஒரு விக்கிரகம் உள்ளே இருக்கத்தான் இருக்கிறதா, இருப்பினும் திரையை விலக்கிவிடுவது ஒன்றே காதலில் சத்தியமாகிவிடுமா என்னும் வினாக்களை அவர்கள் எழுப்புவதில்லை.

இவ்வினாக்களைச் சில்லறைப் பொய்களை வைத்துக்கொண்டு ஆராய்வதில் பயனில்லை. சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும், வயதைக் குறைத்துச் சொல்வதும், காதுக்குப் பிடிக்காத பாட்டை உயிரென்று சொல்வதும் தவறென்று நிலைநாட்டத் தத்துவ விசாரம் தேவையில்லை. முதற் சந்திப்புக்குச் சலவைச் சட்டை அணிந்து செல்வதை வஞ்சகம் என்று சொல்வாரும் இலர். கடினமான வழக்கு எதுவெனின், ஒருவர் தம் சுயநலத்துக்காக அன்றி, சத்தியத்தின் பேராலேயே தம் காதலியின்முன் பொய்முகம் காட்டிய வழக்குத்தான். அத்தகையது ஒன்று சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் நடந்தது. அதில் வேஷம் போட்டவரோ, மனிதன் தான் தானாக ஆவதே அவனுக்கு விதிக்கப்பட்ட தலையாய காரியம் என்ற கொள்கையை ஐரோப்பியத் தத்துவத்தின் நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்த சோரன் கீர்க்ககார்ட்.

கீர்க்ககார்ட் 1813ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தந்தையார் மிக்கேல், ஜட்லாந்துப் பகுதியின் வறண்ட பொட்டல்வெளியில் ஆடு மேய்க்கும் சிறுவனாக வாழ்க்கையைத் தொடங்கி, கோபன்ஹேகனில் துணி வாணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். சிறுவயதில் பசியும் குளிரும் தாங்கமாட்டாமல் ஒருநாள் மேட்டின்மேல் ஏறி நின்று கடவுளைச் சபித்துவிட்டதாகவும், அந்தப் பாவத்தின் பலன் தம் குடும்பத்தின்மேல் இறங்கியிருப்பதாகவும் அம்முதியவர் கருதி வந்தார். ஏழு மக்களில் ஐவர் அவர் கண்முன்னேயே மாண்டுபோனது அக்கருத்தை வேரூன்றச் செய்தது. எஞ்சிய இருவருள் இளையவரான சோரன், தந்தையாரிடமிருந்து செல்வத்தை மட்டுமன்றி, கூர்த்த மதியையும், ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தியையும், மருந்தில்லாத மனவியாகூலத்தையும் பிதிரார்ச்சிதமாகப் பெற்றார். ஊரார் கண்டதோ வேறொரு மனிதரை. வீதியில் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்திப் பேசுபவரும், வாய்ச்சாதுரியத்தால் சபையைக் கலகலக்க வைப்பவருமான ஓர் உல்லாச புருஷரையே அவர்கள் கண்டார்கள். அகத்துக்கும் முகத்துக்கும் இடையே இவ்வளவு தூரத்தை வைத்துக்கொண்டிருந்த ஒருவர் காதலிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ரெகீனே ஓல்சனை அவர் முதன்முதலாகக் கண்டது 1837ஆம் ஆண்டு மே மாதத்தில், நகரை அடுத்த பிரெடெரிக்ஸ்பெர்க்கில் தெரிந்த குடும்பத்தார் ஒருவர் வீட்டில். அவளுக்கு அப்போது வயது பதினைந்து. மூன்றாண்டுகள் கழித்து, 1840 செப்டம்பர் 8ஆம் நாள், எல்லாவற்றையும் முடித்துவிடுவது என்ற சங்கற்பத்தோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டவர், அவள் வீட்டு வாயிலுக்கு அருகிலேயே அவளைச் சந்தித்தார். வீட்டில் வேறு எவருமில்லை. வழக்கம்போல் பியானோ வாசிக்கும்படி அவர் கேட்டுக்கொள்ள, அவளும் வாசித்தாள். மனம் அதில் செல்லாமையால், சட்டென்று இசையேட்டை எடுத்து மூடிப் பியானோவின்மேல் எறிந்துவிட்டு, தமக்குச் சங்கீதம் ஒரு பொருட்டன்று என்றும், இரண்டாண்டுகளாகத் தாம் நாடிவந்தது அவளையே என்றும் சொல்லிவிட்டார். அவள் வாய் திறக்கவில்லை. தம்மைக் குறித்தும் தம் மனச்சோர்வைக் குறித்தும் அவளை எச்சரித்ததாகப் பின்னர் நாட்குறிப்பில் எழுதுகிறார். முன்னர்த் தனக்கு ஆசிரியராக இருந்த பிரிட்ஸ் ஷ்லேகல் என்பவரிடம் தனக்கிருந்த பற்றை அவள் குறிப்பிட்டபோது, அந்த உறவு அடைப்புக்குறிக்குள் நிற்கட்டும், முதலுரிமை தமக்கே என்று விடை கூறினாராம். அங்கிருந்து நேரே அவள் தந்தையாரிடம் சென்றார். 10ஆம் தேதி சம்மதம் கிடைத்தது.

அடுத்த நாளே தாம் பிழை செய்துவிட்டதாக உணர்ந்தார் என்பது அவருடைய வாக்குமூலம். அவருடைய அந்தரங்க விசாரம் ஏறக்குறைய இவ்வாறு ஓடியது: விவாகம் என்பது இரண்டு ஆத்மாக்கள் ஒன்றுக்கொன்று ஒளிவின்றித் திறந்து வைக்கப்படும் புனிதமான பந்தம், ஆகவே நான் இவளை மணந்தால் என் தந்தையாரின் ரகசியத்தையும், என்னைப் பீடித்துள்ள இருளையும், என் பூர்வ சரித்திரத்தின் தவறுகளையும் இவள்முன் வைத்தாக வேண்டும், வைத்தால் பதினெட்டு வயதுப் பெண்ணாகிய இவள் நசுங்கிப்போவாள், வைக்காவிட்டால் எங்கள் விவாகமே பொய்யாகிவிடும், ஆகவே இவளை விடுவிப்பதுதான் தர்மம். தருக்கத்தில் ஓட்டை எதுவும் இருப்பதாக மேலெழுந்தவாரியாகத் தோன்றவில்லை. ஆயின் இத்தருக்கம் முழுவதும் ஒரே தலைக்குள் நடந்து முடிந்தது என்பதையும், இதில் ஒரு தரப்பாகிய அப்பெண்ணிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

1841 ஆகஸ்டு 11ஆம் நாள் மோதிரத்தை ஒரு கடிதத்தோடு திருப்பியனுப்பினார். அவள் அதை ஏற்று அழுது ஓய்ந்துவிடும் இயல்பினள் அல்லள்; அவர் இல்லாத நேரத்தில் அவருடைய அறைக்கே வந்து, கிறிஸ்துவின் பேராலும் அவருடைய மறைந்த தந்தையாரின் நினைவின் பேராலும் தன்னைக் கைவிட வேண்டாமென்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். அக்காலத்துக் கோபன்ஹேகனில் நிச்சயதார்த்தம் முறிந்தால் பழி பெண்ணின் தலையில்தான் விழும். அப்பழி தம்மீதே விழவேண்டும் என்பதற்காகவும், அவளே தம்மை வெறுத்துத் தள்ளும்படி செய்வதற்காகவும், இரண்டு மாத காலம் கீர்க்ககார்ட் ஒரு போக்கிரியின் வேஷத்தைத் திட்டமிட்டு ஆடினார். பகலில் வழக்கத்தைவிடக் கூடுதலான அலட்சியமும் பரிகாசமும். இரவில் படுக்கையில் கண்ணீர்.

அக்டோபரில் முறிவு முற்றுப்பெற்றது. அன்று மாலை நாடகக் கொட்டகையில் இருந்த அவரைத் தேடி ரெகீனேயின் தந்தையார் வந்தார். உயர்ந்த பதவி வகித்தவர், மானி. தம் மகள் இதனால் செத்துப்போவாள் என்றும், தம் கௌரவத்தை விட்டுக் கெஞ்சுவதாகவும் அவர் சொன்னபோதும் கீர்க்ககார்ட் அசையவில்லை. மறுநாள் அவளைத் தேற்றப் போனவரிடம், இனி மணமே செய்துகொள்ள மாட்டீர்களா என்று அவள் வினவினாள். பத்தாண்டுகள் போகட்டும், ஆடி ஓய்ந்த பிறகு இளமை திரும்புவதற்கு ஒரு துடிப்பான இளம்பெண் தேவைப்படுவாள் என்ற பொருள்பட ஈவிரக்கமற்ற மறுமொழி ஒன்றைச் சொன்னார். தேவையான குரூரம் என்று அதற்கு அவரே பெயரிட்டிருக்கிறார். அவர் கைப்பட எழுதிய சில சொற்கள் அடங்கிய சிறு சீட்டு ஒன்றைத் தன் மார்பில் வைத்திருந்த அவள், அதை வெளியே எடுத்து, ஆத்திரமின்றிச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துவிட்டு, என்னிடம் பயங்கரமான விளையாட்டு ஒன்றை ஆடிவிட்டீர்கள் என்ற கருத்தில் ஏதோ சொன்னாள். அம்மாதம் 25ஆம் தேதி அவர் பெர்லினுக்குக் கப்பலேறினார்.

வேஷம் அத்தோடு நிற்கவில்லை. 1843 பிப்ரவரியில் புனைபெயரில் வெளியிட்ட ‘இதுவோ அதுவோ’ என்னும் பெருநூலில், ஒரு பெண்ணைத் திட்டமிட்டு மயக்கிக் கைவிடும் வஞ்சகன் ஒருவனுடைய நாட்குறிப்பையும் சேர்த்தார். ரெகீனே அதைப் படித்துத் தம்மை முற்றிலும் வெறுத்துவிட வேண்டும் என்பது அப்பகுதியை எழுதிய நோக்கங்களுள் ஒன்றென்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதே நூலின் இரண்டாம் பாகத்தில் ஒரு நீதிபதியின் வாயிலாக, விவாகத்தின் உயிர்நாடி ஒளிவின்மையே என்று பக்கம் பக்கமாக எழுதியவரும் அவரே.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். தம் நற்பெயரையும் தம் சுகத்தையும் பலியிட்டு ஒரு பெண்ணைக் காப்பாற்றிய தியாகி என்பது ஒரு கட்சி. விவாகப் பொறுப்புக்கு அஞ்சி ஓடியவர் அச்சத்துக்குத் தத்துவ உடை உடுத்தினார் என்பது மறு கட்சி. இரு கட்சியும் அவருடைய உள்ளத்தில் இருந்தது என்ன என்பதையே ஆராய்கின்றன. என் அபிப்பிராயத்தில் குற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. போக்கிரி வேஷம் பொய்தான். ஆயினும் அது இரண்டாவது பொய். அதற்கு முன்பே, எதை அறிந்தால் இவள் தாங்குவாள், எதை அறிந்தால் தாங்கமாட்டாள் என்பதை அவளுக்காகத் தாமே முடிவு கட்டிக்கொண்டாரே, அங்கேதான் முதற் பொய் பிறந்தது. தம் ரகசியத்தை மறைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் அந்த ரகசியத்தின் எடையை அவள் சார்பில் நிறுத்துப் பார்த்துத் தீர்ப்பு எழுத அவருக்கு உரிமை இருந்ததில்லை. என்னை நம்பாதே என்று எச்சரித்ததும் இக்குறையை நிரப்பவில்லை. காரணம் சொல்லாத எச்சரிக்கை, கேட்பவளுக்கு முடிவெடுக்க ஆதாரம் எதையும் தராமல், எச்சரித்தவனுடைய மனச்சாட்சிக்கு மட்டும் இலேசாக ஆறுதல் தருகிறது. இன்றைய இளைஞரும் இவ்வித எச்சரிக்கைகளைச் செய்கிறார்கள். ‘நான் கொஞ்சம் சிக்கலான ஆள்’ என்று புன்னகையோடு சொல்லிவிட்டுப் பின்னால் எது நடந்தாலும் முன்பே சொன்னேனே என்கிறார்கள்.

இதைக் கீர்க்ககார்ட் அறியாதவர் அல்லர் என்பது அவர்மேல் நமக்குள்ள மதிப்பை உயர்த்துகிறது. 1843 அக்டோபரில் வெளிவந்த ‘அச்சமும் நடுக்கமும்’ என்ற நூல், மகனைப் பலியிடப் புறப்பட்ட ஆபிரகாமின் மௌனத்தை ஆராய்வது. அதன் இறுதிப் பகுதியில், கடலடியில் வாழும் ஓர் ஆண்மச்சம் ஆக்னெட் என்னும் பெண்ணை வஞ்சித்துக் கொண்டுபோக வரும் டேனிஷ் நாட்டுக் கதையை எடுத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அவளுடைய கள்ளமற்ற நம்பிக்கையைக் கண்டு அவனால் வஞ்சிக்க முடியவில்லை. பின் என்ன செய்வான்? மனந்திருந்தி மௌனமாக விலகிப்போகலாம். அல்லது மனந்திருந்தி, தன்னை அவளுக்கு வெளிப்படுத்தி, அவளோடு வாழலாம். முதல்வழி எளிதாகவும் உன்னதமாகவும் தோன்றினாலும் அது அசுரத்தன்மையின் பக்கம் சாய்ந்தது என்றும், இரண்டாவது வழிக்கே மேலான சக்தி தேவை என்றும் அவர் காட்டுகிறார். அடுத்த ஆண்டு எழுதிய மற்றொரு நூலில், தனக்குள் தானே பூட்டிக்கொண்டு நன்மையைக் கண்டு நடுங்குவதையே அசுரத்தன்மை என்று வரையறுத்தார். தமக்கு விசுவாசம் இருந்திருந்தால் ரெகீனேயோடு இருந்திருப்பேன் என்று நாட்குறிப்பில் எழுதியதும் 1843ஆம் ஆண்டில்தான். தம் வழக்கில் தாமே எதிர்க்கட்சி வக்கீலாக இவ்வளவு திறமையோடு வாதாடியவரைத் தத்துவ சரித்திரத்தில் காண்பது அரிது.

அந்த விசுவாசம் என்ற சொல்லில் சற்று நின்று பார்க்க வேண்டும். பக்தனுடைய வாழ்வில் எதுவும் மறைவற்றதாக இருக்கும் சந்நிதி ஒன்றே. அது கடவுளின் சந்நிதி. அங்கே சொல்வதற்குமுன்பே எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆகவே அங்கே வெளிப்படுத்துவது செய்தி சொல்வதாகாது, சரணடைவதாகும். காதலியின் முன்னிலை அத்தகையதன்று. அவள் அறிவது சிறிது, ஊகிப்பது சிறிது, பிழையாக விளங்கிக்கொள்வது சிறிது; காலப்போக்கில் இவையெல்லாம் கலந்துதான் ஒருவரை ஒருவர் அறிதல் என்பது அமைகிறது. கீர்க்ககார்ட் செய்ததோ, தெய்வத்தின் கண் ஒன்றுக்கே உரிய முழுநோக்கை ஓர் இளம்பெண்ணிடம் எதிர்பார்த்து, அவளால் அது இயலாதென்று தாமே தீர்மானித்து, இயலாமையைக் காரணம் காட்டி அவளைத் துறந்தது. கடவுள் நம்பிக்கை தளர்ந்த இக்காலத்தில் இந்த மயக்கம் குறையவில்லை. பெருகியிருக்கிறது என்றே சொல்லவேண்டும். தன்னை ஒருவர் அடிமுதல் முடிவரை அறிந்து, அறிந்த பின்னும் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்னும் தாகம் மனிதனுக்கு இயல்பானது. முன்னர் அத்தாகத்தைக் கோயிலில் இறக்கி வைத்தவர்கள், இப்போது மூன்றாவது சந்திப்பில் காபி மேஜையின்மேல் இறக்கி வைக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் திகைப்பதில் வியப்பென்ன?

1849இல் வெளிவந்த ‘மரணத்துக்கேதுவான நோய்’ என்ற நூலில், தான் தானாக இருப்பது பற்றிய தம் முதிர்ந்த கருத்தைக் கீர்க்ககார்ட் எழுதினார். ‘தான்’ என்பது ஒரு வஸ்துவன்று, தன்னோடு தான் கொள்ளும் ஓர் உறவு. அவ்வுறவை நிறுவிய சக்தியில் நிலைகொள்ளும்போதே அது தெளிவு பெறுகிறது என்பது அதன் சாரம். அங்கே நிராசையை இருவகையாகப் பிரிக்கிறார். தான் தானாக இருக்க விரும்பாமல் வேறொருவனாக இருக்கத் துடிப்பது ஒன்று. நான் நானாகவே இருந்து தீர்வேன், என்னை மாற்ற எவரும் வேண்டாம் என்று முரண்டுவது மற்றொன்று. முதலாவது நோயை நாம் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறோம். விரும்பியவரின் விருப்பத்துக்கெல்லாம் தன்னை வளைத்துக்கொண்டு போகிறவனைக் கண்டு இரங்குகிறோம். இரண்டாவது நோயோ ஆரோக்கியத்தின் முகத்தோடு உலவுகிறது. நான் முன்கோபி, என்னிடம் பொறுமை கிடையாது, ஏற்றுக்கொண்டால் இப்படியே ஏற்றுக்கொள் என்று முதல் நாளே அறிவித்துவிடுகிறவனை உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதவன் என்று பாராட்டுகிறோம். உண்மையில் அவன் தன்னைப் பற்றி எதையும் வெளிப்படுத்திவிடவில்லை. தன் கோபத்துக்குத் தான் பொறுப்பாளி அல்லன் என்று முன்கூட்டியே ஒரு ரசீது வாங்கிக்கொள்கிறான், அவ்வளவே.

இதே முடிவுக்குத் தெய்வ நம்பிக்கையற்ற வேறொரு வழியில் வந்தவர், பிரெஞ்சுத் தத்துவ ஞானி ழான் பால் சார்த்தர். 1943இல் வெளியான ‘இருத்தலும் இன்மையும்’ என்னும் நூலில் தன்வஞ்சனையைப் பற்றிய அத்தியாயத்தில் அவர் கையாளும் உதாரணங்களுள் ஒன்று, ஓர் ஆடவனோடு முதன்முறையாக வெளியே வர இசைந்த ஒரு பெண்ணின் நிலை. அவன் நோக்கம் அவளுக்குத் தெரியும். விரைவிலோ பின்னரோ தான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பதும் தெரியும். அவன் அவள் கையைப் பற்றுகிறான். கையை இழுத்துக்கொண்டால் அந்த மாலைப்பொழுதின் இனிமை குலையும், விட்டுவைத்தால் சம்மதமாகும். அவள் கையை விட்டுவைக்கிறாள், விட்டுவைத்ததைக் கவனிக்காமலும் இருக்கிறாள். அந்த நேரம் பார்த்து வாழ்க்கையைப் பற்றிய உயர்ந்த விஷயங்களைப் பேசத் தொடங்கி, தான் முழுவதும் அறிவுமயமாக ஆகிவிட்டதுபோல் பாவிக்க, கையோ இசைவுமின்றி எதிர்ப்புமின்றி ஒரு ஜடப்பொருளாக அவன் கைகளுக்கிடையே கிடக்கிறது. அவள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறாள் என்கிறார் சார்த்தர்.

வருணனை அபாரமானது, தீர்ப்பு நியாயமானதன்று. அவள் மனம் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பதே அவளுடைய அப்போதைய உண்மையாக இருக்கலாமன்றோ? மேலும், பெண்ணின் நற்குணங்களைப் புகழ்ந்துகொண்டே தன் வேட்கையை அப்புகழ்ச்சிக்குள் பொதிந்து வைத்திருக்கும் அந்த ஆடவனைத் தத்துவ ஞானி ஏன் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை? கையை வைத்துவிட்டு, முடிவை அவள் தலையில் சுமத்திவிட்டு, தான் ஒன்றும் கேட்கவில்லையே என்று சொல்வதற்கு வழி வைத்துக்கொண்டவன் அவனல்லவா? எனினும் அதே அத்தியாயத்தின் பிற்பகுதியில் சார்த்தர் சொல்லும் ஒரு கருத்துக்காக இக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். நான் இன்னவன் என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையும் தன்வஞ்சனையாக முடியக்கூடும்; ஏனெனில் மேஜை மேஜையாக இருப்பதுபோல் மனிதன் எதுவாகவும் இருந்துவிட முடியாது; தன்னைப் பொருளாக்கிக் காட்டுகிறவன் தன் சுதந்திரத்திலிருந்து தப்பப் பார்க்கிறான் என்கிறார் அவர். இடையிலே ஒரு நூற்றாண்டும் கடவுள் நம்பிக்கையும் குறுக்கே நின்றாலும், இவ்விடத்தில் டேனிஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் கைகோத்துக்கொள்கிறார்கள்.

சார்த்தரின் சொந்த வாழ்வோ மற்ற ஓரத்துக்குப் போய் முட்டியது. 1929இல் அவரும் அவருடைய காதலியும் எழுத்தாளருமான சிமோன் த பொவ்வாரும், ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைப்பதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டனர். அதை ஏறத்தாழக் காப்பாற்றவும் செய்தனர். ஆனால் அவ்விருவருடைய காதலில் அகப்பட்ட மூன்றாமவர்களின் படுக்கையறைச் செய்திகளும் பலவீனங்களும் கடிதங்களில் ஏறி இருவருக்குமிடையே போய்வந்தன. பொவ்வார் சார்த்தருக்கு எழுதிய கடிதங்கள் 1990இல் அச்சேறியபோது, பல்லாண்டுக்கு முன் பொவ்வாரிடம் மாணவியாகவும் இருவருக்கும் காதலியாகவும் இருந்த பியாங்கா லாம்ப்ளின், தம்மைப் பற்றி அவர்கள் எழுதிக்கொண்டதைப் படித்து மனமுடைந்து, 1993இல் தம் தரப்பைத் தாமே ஒரு நூலாக எழுத நேர்ந்தது. இருவர் ஒளிவின்றி இருந்ததற்கு மூன்றாமவர் விலை கொடுத்தார். கீர்க்ககார்ட் எல்லாவற்றையும் மறைத்தார்; இவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள்; இரண்டிலும் தன்னைப் பற்றிய முடிவில் பங்கு மறுக்கப்பட்டவள் ஒரு பெண்.

ரெகீனேயின் கதை 1841இல் முடிந்துவிடவில்லை. 1847 நவம்பரில் அவள் ஷ்லேகலை மணந்தாள். கீர்க்ககார்டோ தம் வீட்டில் ஈட்டிமரத்தால் ஒரு பேழையைத் தட்டுகளே இல்லாமல் செய்து வைத்திருந்தார். உடனிருக்க இடம் கிடைக்குமானால் ஒரு சிறு பேழைக்குள் வாழவும் சம்மதம் என்று முறிவின் நாட்களில் அவள் கதறியதன் நினைவாகச் செய்தது அது. தம் புனைபெயர் நூல்களில் உயர்ந்த தாளில் அச்சிட்ட இரண்டிரண்டு பிரதிகளை, தமக்கொன்று அவளுக்கொன்று என்று அதில் வைத்துப் பூட்டியிருந்தார். 1849இல் ஷ்லேகலுக்கு ஒரு கடிதம் எழுதி, ரெகீனேக்கென்று முத்திரையிட்ட கடிதமொன்றை உள்ளே வைத்து, அதை அவளிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கணவரின் விருப்பத்துக்கு விட்டார். ஷ்லேகல் அதைப் பிரிக்காமலே திருப்பியனுப்பினார். கணவர் என்ற முறையில் அவர் செய்ததை எவர் குறை கூறுவார்? ஆயினும் விளக்கம் கடைசியில் வந்து சேர்ந்தபோதும், அதைப் பெறுவதா தள்ளுவதா என்று தீர்மானித்தவர்கள் இரண்டு ஆடவர்கள் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஷ்லேகல் ஆளுநராக நியமனம் பெற, 1855 மார்ச்சில் கப்பலேறும் நாளன்று ரெகீனே வீதியில் கீர்க்ககார்டைத் தேடிச் சந்தித்து, கடவுள் அவருக்கு அருள் புரியட்டும் என்று மெல்லிய குரலில் வாழ்த்திவிட்டுப் போனார். அதே ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் கீர்க்ககார்ட் இறந்தார். நிச்சயதார்த்தத்தையும் விவாகத்தைப் போலவே தம்மைக் கட்டுப்படுத்தும் பந்தமாகக் கருதியதாகக் கூறி, எஞ்சிய உடைமைகள் அனைத்தையும் ரெகீனேக்கே எழுதி வைத்திருந்தார். தீவிலிருந்து வந்த மறுமொழி சொத்தை ஏற்க மறுத்தது. கடிதங்களையும் சில சிறு பொருள்களையும் மட்டும் கேட்டது. அவை போய்ச் சேர்ந்தன. அம்மையார் 1904 வரை வாழ்ந்தார். கீர்க்ககார்ட் தமக்கு எழுதிய கடிதங்களைப் பாதுகாத்து, தம் காலத்துக்குப் பின் அச்சேறுவதற்கு ஏற்பாடு செய்தார். தாம் அவருக்கு எழுதியவற்றை எரித்துவிட்டார். கீர்க்ககார்டின் ஆராய்ச்சியாளர்களுக்கு அது பெருநஷ்டம். அவர்கள் இன்னும் புலம்புகிறார்கள். அக்கடிதங்களை எழுதியவர் தாம் என்பதால், அவற்றைப் பிறர் படிக்க வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமையும் தமக்கே என்று அம்மையார் கருதியிருக்கவேண்டும். அந்த முடிவுக்கு அவர் எவருடைய அனுமதியையும் கேட்கவில்லை, அதனால் எவரையும் ஏமாற்றவுமில்லை.